கண்ணுக்கு ஒன்று, எழுத்துக்கு ஐந்து

உளுந்துச் செடி மஞ்சளாவதற்குப் பல வழிகள் உண்டு. இரும்புச்சத்து குறைந்தால் இளம் இலைகள் வெளுக்கும், நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்கும். வேர் அழுகினால் செடி முழுக்கப் பழுப்படித்துச் சில நாளில் காய்ந்துவிடும். வேருக்குள் நூற்புழு புகுந்தால் செடி குட்டையாகச் சோகை பிடித்து நிற்கும். வைரஸ் தாக்கினால் ஒரே இலையில் பச்சையும் பொன்மஞ்சளும் திட்டுத்திட்டாகக் கலந்து கிடக்கும். புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆலங்குடிப் பக்கத்துச் செம்மண் கொல்லைகளில் இந்த நான்கையும் காணலாம். இலையைக் கிள்ளிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போய் “செடி மஞ்சளா விழுது” என்று சொன்னால், அந்த ஒரு வாக்கியம் நான்குக்கும் பொருந்தும். மருந்து பொருந்தாது. பூசணக்கொல்லியால் வைரஸை ஒன்றும் செய்ய முடியாது; பூச்சிமருந்தால் வேரழுகல் நிற்காது. பெயர் தவறினால் செலவு வீண், சில சமயம் பயிரும் போய்விடும்.

ஆகவே பயிர்நோய் அறிவியலின் முதல் வேலை, யார் செய்தது என்று கண்டுபிடிப்பது. அதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன: உருவத்தைப் பார்ப்பது, டிஎன்ஏவைப் படிப்பது. இரண்டாவது வந்ததும் முதலாவது பழங்கதையாகிவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. ஆய்வுக்கூடத்திலேயே வாழ்கிறவர்களிடம் அந்த நினைப்பு கொஞ்சம் அதிகம். உண்மையில் ஒன்று சொன்னதை மற்றொன்று சரிபார்க்காதவரை இரண்டுமே அரைகுறைதான்.

செடியைப் பிடுங்கிப் பார்ப்பதிலிருந்து தொடங்குவோம். வேரழுகல் கண்ட உளுந்து இழுத்தவுடன் கையோடு வந்துவிடும். பக்கவேர்கள் அழுகி மண்ணிலேயே தங்கிவிட்டிருக்கும். தண்டின் அடிப்பட்டையை நகத்தால் உரித்தால் நார்நாராகப் பிரியும். அந்த நார்களுக்கு இடையில் நுண்ணிய கரும்பொடி ஒட்டியிருக்கும். பொடியின் ஒவ்வொரு துகளும் பூசண இழைகள் இறுகித் திரண்ட ஓர் உருண்டை. அளவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. இதன் பெயர் மேக்ரோஃபோமினா ஃபேசியோலினா. உளுந்து, கடலை, எள், பருத்தி என 500-க்கும் மேற்பட்ட தாவர இனங்களைத் தாக்கும். பயிர் இல்லாத காலத்தில் இந்த உருண்டைகள் மண்ணில் கிடந்து காத்திருக்கும். மழை பொய்த்து, மண்ணின் ஈரம் வற்றி, வெப்பம் 30 டிகிரியைத் தாண்டி, செடி தண்ணீருக்குத் தவிக்கிற நேரத்தில் முளைத்து வேருக்குள் புகும். மானாவாரிப் பயறு விளையும் கொல்லைக்கும் இந்தப் பூசணத்துக்கும் அவ்வளவு பொருத்தம்.

அதே வேரில் முடிச்சுகள் தெரிந்தால் அவசரப்பட வேண்டாம். பயறுவகைச் செடிகளின் வேரில் முடிச்சு இருப்பது நல்ல செய்தி; காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தரும் ரைசோபியம் பாக்டீரியா குடியிருக்கும் இடம் அது. ஆனால் நூற்புழுவும் முடிச்சு போடும். விரலால் தேய்த்தால் தெரிந்துவிடும். ரைசோபியம் முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், தேய்த்தால் உதிரும், வெட்டினால் உள்ளே இளஞ்சிவப்பு. நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதம் தரும் நிறம் அது. நூற்புழு முடிச்சு உதிராது. வேரே வீங்கியிருப்பதால் உதிர அங்கே ஒன்றுமில்லை. கருவி எதுவும் இல்லாமல், இரண்டு விரலால் செய்துவிடக்கூடிய இந்தச் சோதனையை விட்டுவிட்டு மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புவது வீண் வேலை.

கடலைக்கு வந்தால் ஒரு கைலென்ஸ் தேவைப்படும். டிக்கா இலைப்புள்ளி என்று பொதுவாகச் சொல்லப்படுவது இரண்டு பூசணங்கள் உண்டாக்கும் இரண்டு நோய்கள். முன்பருவப் புள்ளி பழுப்பு நிறம், சுற்றிலும் மஞ்சள் வளையம், வித்துகள் பெரும்பாலும் இலையின் மேற்புறத்தில். பின்பருவப் புள்ளி ஏறக்குறையக் கறுப்பு. இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்புறத்தில் வித்துக் கூட்டங்கள் வட்டவட்டமாக அடுக்கியிருக்கும். நுண்ணோக்கியில் வைத்தால் முதலாவதன் வித்து நீண்டு மெலிந்தது, இரண்டாவதன் வித்து குட்டையாகப் பருத்தது. பக்கத்து இலையில் அடிப்புறமெங்கும் செங்கல் நிறத்தில் கொப்புளம் வெடித்திருந்தால் அது துரு நோய். மூன்றும் ஒரே செடியில் கூடியிருப்பது அபூர்வமில்லை. இந்த இடத்தில் டிஎன்ஏ சோதனை செய்தால் மூன்றின் பெயரும் வரும்; எந்தப் புள்ளியை எது உண்டாக்கியது, எது அதிகம் பரவியிருக்கிறது என்பதை இலையைப் பார்த்தவர்தான் சொல்ல வேண்டும்.

உருவத்தை நம்பி ஏமாந்த கதைக்குப் புதுக்கோட்டையிலிருந்து தெற்கே போக வேண்டும். திருநெல்வேலியிலிருந்து இங்கிலாந்துக்குப் போன நெற்கதிர் ஒன்றில் மணிகளுக்குப் பதிலாகப் பச்சையும் மஞ்சளுமாக வெல்வெட் உருண்டைகள் இருந்தன. எம். சி. குக் என்ற பூசணவியலாளர் 1878-இல் அதற்கு உஸ்டிலாகோ வைரன்ஸ் என்று பெயரிட்டார். உஸ்டிலாகோ என்பது கரிப்பூட்டைப் பூசணங்களின் பேரினம். மணி இருக்க வேண்டிய இடத்தில் பொடி இருந்தால் கரிப்பூட்டை என்று எண்ணியது அன்றைக்கு நியாயமே. நம் ஊரில் அதை நெற்பழ நோய் என்கிறோம். அது கண்டால் அமோக விளைச்சல் என்று நம்பி லட்சுமி நோய் என்றும் சொன்னார்கள். அந்த நம்பிக்கையில் ஒரு துளி உண்மை உண்டு: செழித்த பயிரும் தழைச்சத்தும் பூக்கும் நேரத்து ஈரமும் இந்தப் பூசணத்துக்கும் பிடிக்கும்.

19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே இது கரிப்பூட்டை அல்ல என்ற ஐயம் எழுந்து, 1896-இல் உஸ்டிலாஜினாய்டியா என்ற புதிய பேரினத்துக்கு மாறியது. அதன் உறவினர் யார் என்பது நீண்ட காலம் இழுபறியாகவே இருந்தது. டிஎன்ஏ வரிசைகளை ஒப்பிட்டபோதுதான் அதன் இடம் உறுதியாயிற்று: கம்பின் தேனொழுகல் நோய்க்குக் காரணமான கிளாவிசெப்ஸின் குடும்பம். கரிப்பூட்டைப் பூசணங்களோ வேறொரு பெரும் பிரிவில், காளான்களின் பக்கத்தில் இருக்கின்றன. நிறமும் பொடியும் ஒத்திருந்தும் பரிணாம வழியில் பல கோடி ஆண்டுகள் விலகிய இரண்டு உயிர்களை ஒரே பெயரின் கீழ் வைத்திருந்தார்கள்.

இத்தகைய ஏமாற்றங்களைக் குறைக்க உருவவியலாளர்களும் சும்மா இருக்கவில்லை. வித்து எப்படியிருக்கிறது என்பதைவிட அது இழையின் நுனியில் எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள் என்றார் கனடாவின் எஸ். ஜே. ஹியூஸ், 1953-இல். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சி. வி. சுப்பிரமணியன் 1962-இல் அந்த அடிப்படையிலேயே ஒரு வகைப்பாட்டை முன்வைத்தார். மொட்டுவிட்டுப் பிறக்கிறதா, குழாயிலிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளப்படுகிறதா, இழை துண்டாகி வித்தாகிறதா என்று மணிக்கணக்கில் நுண்ணோக்கியில் குனிந்து பார்த்த தலைமுறை அது. அவர்கள் வரைந்த படங்களின் துணையில்லாமல் இன்றைக்கும் எந்தப் பூசண ஆய்வகமும் ஓடாது.

பூசணத்தின் டிஎன்ஏவில் எந்தப் பகுதியைப் படிப்பது? பல ஆயிரம் மரபணுக்கள் இருக்கும்போது உலகம் முழுவதும் ஒரே துண்டைப் படித்தால்தான் ஒப்பிட முடியும். 1990-இல் தாமஸ் ஒயிட்டும் சகாக்களும் ஒரு துண்டைச் சுட்டினார்கள். செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமுக்கான ஆர்என்ஏ மரபணுக்களுக்கு நடுவே கிடக்கும் இடைவெளிப் பகுதி அது, ஐடிஎஸ் என்பார்கள். இரு புறமும் உள்ள மரபணுக்கள் மாறினால் உயிரே தள்ளாடும் என்பதால் எல்லாப் பூசணங்களிலும் அவை ஏறக்குறைய ஒன்றே. ஆகவே, பிரதியெடுப்பைத் தொடங்கிவைக்கும் ஒரே ஜோடித் தொடக்கிகளைக் கொண்டு, பிசிஆர் என்ற டிஎன்ஏ பிரதியெடுக்கும் முறையில் எந்தப் பூசணத்திலிருந்தும் இந்தத் துண்டைப் பெருக்கிவிடலாம். நடுவிலுள்ள இடைவெளிப் பகுதிக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அது ரைபோசோமில் சேர்வதே இல்லை. அதன் டிஎன்ஏ எழுத்துகள் மாறினாலும் உயிருக்குச் சேதமில்லாததால் இனத்துக்கு இனம் மாறிக்கொண்டே போயிருக்கிறது. போதாததற்கு இந்தத் துண்டு ஒவ்வொரு செல்லிலும் பல பிரதிகளாக இருப்பதால் துளியளவு மாதிரியே போதும். 2012-இல் ஐடிஎஸ்ஸைப் பூசணங்களுக்கான அடையாளக் குறியீடாகச் சர்வதேசக் குழு முறைப்படி முன்மொழிந்தது.

வேலை சுருக்கமானது. பூசணத்தை அரைத்து, சோப்பு போன்ற கரைசலில் சூடாக்கி, டிஎன்ஏவைப் பிரித்து, பிசிஆரில் பெருக்கி, வரிசையைப் படித்து, பொதுத் தரவுத்தளத்தில் ஒப்பிட வேண்டும். சில நொடிகளில் கணினி ஒரு பெயரைக் காட்டும், 99 சதவீதம் பொருத்தம் என்று. மாணவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். தரவுத்தளத்தில் அந்த வரிசைக்குப் பெயர் வைத்தது யார்? எங்கோ ஓர் ஆய்வர், பூசணத்தை நுண்ணோக்கியில் பார்த்து, சரியாகவோ தவறாகவோ அடையாளம் கண்டு பதிவேற்றியது. 2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, தரவுத்தளத்திலிருந்த பூசண வரிசைகளில் ஐந்தில் ஒரு பங்குவரை இன அளவில் தவறான பெயரோடு இருக்கலாம் என்று கணித்தது. டிஎன்ஏ பொய் சொல்வதில்லை என்பார்கள். அதன்மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டு சொல்லும்.

ஐடிஎஸ்ஸுக்கு எல்லையும் உண்டு. ஃபியூசேரியம், கொலட்டோட்ரைக்கம், அஸ்பர்ஜில்லஸ் போன்ற நெருங்கிய இனக்கூட்டங்களை அது பிரித்துக் காட்டாது. வேறு சில மரபணுக்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நம் வேரழுகல் பூசணத்துக்கே அப்படி நேர்ந்தது. செனகல் நாட்டுப் பயிர்களில் மேக்ரோஃபோமினா ஃபேசியோலினா என்று கருதப்பட்டவற்றுக்குள் தனியான இன்னொரு இனம் ஒளிந்திருந்ததை 2014-இல் பல மரபணுக்களைச் சேர்த்துப் படித்துக் கண்டார்கள். இரண்டையும் கரும்பொடியைப் பார்த்துப் பிரிக்க முடியாது.

பெயர்க் குழப்பத்துக்கு இன்னொரு மூலமும் இருந்தது. வித்து உண்டாக்கும் நிலையில் மேக்ரோஃபோமினா என்றும், வெறும் இழையும் உருண்டையுமாக இருக்கும் நிலையில் ரைசோக்டோனியா படாட்டிகோலா என்றும் ஒரே பூசணம் இரண்டு பெயரில் உலவியது. நம் வேளாண் கையேடுகளில் இன்னும் உலவுகிறது. 2011-இல் மெல்போர்னில் கூடிய தாவரவியல் மாநாடு, ஒரு பூசணத்துக்கு ஒரே பெயர் என்று விதியை மாற்றியது. கையேடு அச்சடிப்பவர்களுக்குச் செய்தி போய்ச் சேர நாளாகும் போலிருக்கிறது.

எழுத்தைப் படிக்காமல் முடியாது என்று ஆன தருணங்களும் உண்டு. 2016 பிப்ரவரியில் வங்கதேசத்துக் கோதுமை வயல்கள் வெளுத்தன. சுமார் 15,000 எக்டேர். காரணமான பூசணம், நெல்லின் குலைநோய்ப் பூசணத்தின் அதே இனம், அதே பேரிக்காய் வடிவ வித்து. உள்ளூர் நெற்பயிரிலிருந்து தாவியதா என்ற கேள்விக்கு வித்தைப் பார்த்து விடை சொல்ல வழியில்லை. நோயுற்ற இலைகளின் மரபு வரிசையைப் படித்தவர்கள் அது தென் அமெரிக்கக் கோதுமைப் பூசணத்தின் கிளை என்று சில வாரங்களில் சொன்னார்கள். வரிசைகளை உடனுக்குடன் எல்லோருக்கும் திறந்துவிட்டதால் நடந்த வேகம் அது.

நூற்புழுவிலும் இதே நிலை. முடிச்சை உடைத்தால் வெள்ளை முத்தாகப் பெண் புழு கிடக்கும். அதன் பின்முனைத் தோலை நறுக்கி நுண்ணோக்கியில் வைத்தால் வரிவரியாக ஒரு கோலம் தெரியும்; கைரேகையைப்போல இதைக்கொண்டு இனம் பிரிப்பது பல பத்தாண்டு வழக்கம். ஆனால் 1983-இல் சீனாவின் ஹைனான் தீவிலிருந்து விவரிக்கப்பட்ட மெலாய்டோகைனி என்டிரோலோபியை, எங்கும் பரவியுள்ள இன்காக்னிடா இனத்திலிருந்து இந்த வரிகளை மட்டும் பார்த்துப் பிரிப்பது கடினம். திண்டுக்கல் மாவட்டம் ஆயக்குடிப் பகுதியின் கொய்யாத் தோப்புகளில் மரங்கள் பட்டுப்போனபோது, காரணம் இந்தப் புழு என்று 2016-இல் வேளாண் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். இந்தியாவுக்கு அது புதிது. இந்த வேறுபாடு ஏட்டோடு நிற்பதன்று. இன்காக்னிடாவைத் தடுக்கும் தக்காளி ரகத்தின் எதிர்ப்பு மரபணு என்டிரோலோபியிடம் செல்லாது. முடிச்சோடு வரும் நாற்றுகளின் வழியே இந்தப் புழு தோட்டம் விட்டுத் தோட்டம் போகும்.

இனி வம்பன். ஆலங்குடிப் பக்கத்திலுள்ள இந்த ஊரில் 1981-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையம் தொடங்கியது. வம்பன் 8, வம்பன் 11 என்று உளுந்து ரகங்களில் ஊர்ப்பெயர் ஏறியது இங்கிருந்துதான். உளுந்தின் பெரும்பகை மஞ்சள் தேமல் நோய். பரப்புவது வெள்ளை ஈ. செய்வது மின்னணு நுண்ணோக்கியில் இரட்டை இரட்டையாக ஒட்டித் தெரியும் ஜெமினி வைரஸ். வட இந்தியாவில் பரவியிருப்பது ஓர் இனம், தென்னிந்தியாவில் பெரும்பாலும் இன்னொன்று. இலையைப் பார்த்தால் இரண்டும் ஒரே மஞ்சள்.

இந்த வைரஸின் மரபுப்பொருள் இரண்டு வட்டங்கள், ஒவ்வொன்றும் சுமார் 2,700 எழுத்து. முதல் வட்டமான டிஎன்ஏ-ஏ, வைரஸைப் படியெடுக்கவும் உறை செய்யவும் தேவையான குறிப்புகளைக் கொண்டது. டிஎன்ஏ-பி, செல்லிலிருந்து செல்லுக்கு நகர உதவுவது. ஒன்றில்லாமல் மற்றது நோயை முழுமையாக நடத்தாது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் கே. வேலுத்தம்பியின் குழு வம்பன் வயலில் மஞ்சள் தேமல் கண்ட உளுந்திலிருந்து வைரஸைப் பிரித்து வரிசை படித்தபோது, டிஎன்ஏ-ஏ ஒன்றுதான் கிடைத்தது. டிஎன்ஏ-பி ஐந்து கிடைத்தன. வெளியே ஒரே மஞ்சள். உள்ளே ஒரு தலைமைக்கு ஐந்து கூட்டாளிகள்.

அங்கேயே நிறுத்தி ஒரு கட்டுரை எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் மாதிரியில் டிஎன்ஏ இருக்கிறது என்பதாலேயே அதுதான் நோயைச் செய்தது என்று ஆகிவிடாது. கிருமியைத் தனியே பிரித்து, நலமான உயிருக்குக் கொடுத்து, அதே நோய் வருகிறதா என்று பார் என்பது ராபர்ட் கோக் வகுத்த விதி. தட்டில் வளராத வைரஸுக்கு அந்த விதியை எப்படிச் செலுத்துவது? மண்ணில் வாழும் அக்ரோபாக்டீரியம் தன் டிஎன்ஏ துண்டைத் தாவரத்துக்குள் செலுத்தும் இயல்புடையது. வைரஸின் வட்டங்களை அதில் ஏற்றி, அதைச் செடிக்குள் விட்டார்கள். வெள்ளை ஈ செய்கிற வேலையைப் பாக்டீரியா செய்தது.

2004-இல் வெளியான முடிவு இது. கேஏ22 என்று பெயரிட்ட டிஎன்ஏ-பியைச் சேர்த்துக் கொடுத்தால் உளுந்தில் தேமல் கடுமையாக வந்தது. கேஏ27-ஐச் சேர்த்துக் கொடுத்தால் பாசிப்பயறில் கடுமையாக வந்தது. டிஎன்ஏ-ஏ இரண்டுக்கும் ஒன்றே. ஆக, உளுந்தா பாசிப்பயறா என்பதில் பெரும் பங்கு டிஎன்ஏ-பியுடையது. இரண்டு வட்டங்களுக்கும் பொதுவான சுமார் 150 எழுத்துப் பகுதியில் கேஏ22 தன் டிஎன்ஏ-ஏவோடு 95 சதவீதமும், கேஏ27 வெறும் 85.6 சதவீதமும் ஒத்திருந்தன. கேஏ27-இல் ஒரு முக்கியமான இடத்தில் மூன்று எழுத்துகள் விடுபட்டிருந்தன. மூன்று எழுத்து குறைந்த ஒன்றும் நோய் நடத்துகிறது என்பதை வரிசையைப் படித்து மட்டும் யாரும் அடித்துச் சொல்லியிருக்க முடியாது. இலையைத்தான் கேட்க வேண்டியிருந்தது.

ரகம் உருவாக்குபவர்களுக்கு இதில் ஒரு தலைவலி இருக்கிறது. எதிர்ப்புத்திறனைச் சோதிக்கும் வயலில், கோ 5 போன்ற எளிதில் நோய்ப்படும் ரகத்தை இடையிடையே வரிசையாக விதைத்து, வெள்ளை ஈ அங்கிருந்து மற்ற வரிசைகளுக்குப் பரவும்படி விடுவார்கள். அப்போது தாங்கி நின்ற செடி, அந்த ஆண்டு அந்த வயலில் இருந்த வைரஸ் கூட்டத்தைத் தாங்கியது என்பதுதான் முடிவு. கூட்டாளிகளின் விகிதம் வேறாக இருக்கும் ஊரில் அதே ரகம் சறுக்கலாம். மதிப்பெண் போடுவது கண். எந்தக் கூட்டத்துக்கு எதிராகப் போட்ட மதிப்பெண் என்று சொல்வது டிஎன்ஏ.

கடைசியாக, ஆய்வகத்துக்கு மாதிரி கொண்டுபோகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். முற்றிலும் காய்ந்த செடியை எடுக்காதீர்கள். செத்த திசுவில் வந்து குடியேறும் பூசணங்கள் பல. டிஎன்ஏ சோதனை அவற்றையும் விசுவாசமாகப் பட்டியலிடும், குற்றவாளி நடுவில் தொலைந்துபோவார். நோயும் நலமும் சந்திக்கும் ஓரம் உள்ள பகுதிதான் வேண்டும். வேர் நோய் என்று ஐயமிருந்தால் மண்வெட்டியால் தோண்டி, மண்ணோடு எடுக்க வேண்டும்; இழுத்துப் பிடுங்கினால் அழுகிய வேர் கொல்லையிலேயே நின்றுவிடும். இலையைப் பிளாஸ்டிக் பையில் அடைத்தால் வேர்த்துப் புதிதாகப் பூசணம் பூக்கும், செய்தித்தாளில் மடித்தால் போதும். நலமான செடி ஒன்றும் கூட வரட்டும், ஒப்பிட வேண்டும். ஊர், ரகம், விதைத்த தேதி, முந்தைய பயிர், அடித்த மருந்து ஆகியவற்றை ஒரு சீட்டில் பென்சிலால் எழுதி உள்ளே வையுங்கள். பேனா மை ஈரத்தில் கலைந்துவிடும்.